மாட்டாலும் புல்லைச் செரிக்க முடியாது

"மாடு வெறும் புல்லைத் தின்றே அத்தனை பெரிய உடம்பை வளர்க்கிறது, பாலும் தருகிறது. அதே புல்லை நாம் தின்றால் வயிற்றுவலிதான் மிச்சம். இருவருக்கும் வயிறும் குடலும் இருக்கும்போது ஏன் இந்த வேறுபாடு? செரிமானம் எல்லா விலங்குக்கும் ஒன்றுதானா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கால்நடை மருத்துவன். மாட்டின் வயிற்றில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்பது அன்றாட வேலை. அதனால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: புல்லைச் செரிக்க மாட்டாலும் முடியாது. அதற்கு வேண்டிய நொதி நம்மிடம் இல்லாததுபோலவே அதனிடமும் இல்லை. அது வேறொரு வழியில் காரியத்தை முடித்துக்கொள்கிறது.

அந்த வழி புரிய வேண்டுமானால், செரிமானம் எதற்காக நடக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். சாப்பிட்டது வயிற்றுக்குள் போய்விட்டால் உடம்புக்குள் போய்விட்டது என்று நினைக்கிறோம். அது சரியில்லை. வாயில் தொடங்கி ஆசனவாயில் முடியும் ஒரு நீளக் குழாய் நமக்குள் ஓடுகிறது. அந்தக் குழாயின் உட்புறம், கணக்குப்படி பார்த்தால், உடம்புக்கு வெளியேதான். குழந்தை ஒரு பழக்கொட்டையை விழுங்கிவிட்டால் அது இரண்டொரு நாளில் முழுசாக வெளியே வந்துவிடுகிறது. அந்தக் கொட்டை குழந்தையின் உடம்புக்குள் ஒருபோதும் நுழையவே இல்லை. குழாய் வழியாக வந்தது, போனது. குழாயின் சுவரைத் தாண்டி இரத்தத்தில் சேர்ந்தால்தான் உணவு உடம்பில் சேர்ந்தது என்று அர்த்தம்.

அந்தச் சுவர் எதையும் எளிதில் விடாது. மாவுச்சத்து என்பது ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் மணிகளைக் கோத்த மாலை. புரதம் அமினோ அமிலங்களைக் கோத்த மாலை. மாலையாக உள்ளே போக முடியாது, மணி மணியாகத்தான் போகலாம். இன்னொரு உயிரின் புரதம் முழுசாக இரத்தத்தில் நுழைந்தால், நம் உடம்பு அதை எதிரி என்று எண்ணிப் போர் தொடுக்கும். ஆனால் அமினோ அமிலமாக உதிர்த்துவிட்டால், அது மீனிலிருந்து வந்ததா பயறிலிருந்து வந்ததா என்ற அடையாளமே இருக்காது. செரிமானம் என்பது இந்த உதிர்க்கும் வேலைதான். உதிர்ப்பவை நொதிகள். ஒவ்வொரு நொதியும் ஒரு வகை முடிச்சை மட்டும் அவிழ்க்கத் தெரிந்தது.

இதை உங்கள் வாயிலேயே பார்க்கலாம். ஒரு ரொட்டித்துண்டை வாயில் போட்டு, விழுங்காமல் ஒன்றிரண்டு நிமிடம் மென்றுகொண்டே இருங்கள். முதலில் மாவு ருசிதான் இருக்கும். போகப்போக நாக்கின் ஓரத்தில் மெல்லிய இனிப்பு தட்டும். நீங்கள் சர்க்கரை போடவில்லை. உமிழ்நீரில் இருக்கும் அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை வெட்டிச் சர்க்கரையாக்கத் தொடங்கிவிட்டது. பூனையின் எச்சிலில் இந்த நொதி கிட்டத்தட்ட இல்லை. மாவுச்சத்து அதன் உணவே அல்ல என்பதால் அதற்குத் தேவைப்படவில்லை.

விழுங்கியதும் உணவுக்குழாயின் தசைகள் அலை அலையாகச் சுருங்கி, பத்து விநாடிக்குள் உணவை இரைப்பையில் சேர்க்கின்றன. புவியீர்ப்பு தேவையில்லை, தலைகீழாக நின்றாலும் போய்ச் சேரும்.

இரைப்பைக்குள் என்ன நடக்கிறது என்பது நெடுங்காலம் பெரும் சர்ச்சையாக இருந்தது. அரைக்கிறதா, அழுக வைக்கிறதா, கரைக்கிறதா? 1752இல் ரெயோமூர் என்ற பிரெஞ்சு அறிஞர் ஒரு பருந்தைக் கொண்டு இதற்கு அழகான சோதனை செய்தார். பருந்து செரிக்காத எலும்பையும் மயிரையும் கக்கிவிடும் பறவை. சிறு உலோகக் குழாயில் இறைச்சியை வைத்து, இரு முனைகளையும் கம்பியால் அடைத்து, அதை விழுங்க வைத்தார். பருந்து குழாயைக் கக்கியபோது அது நசுங்கவில்லை, உள்ளே இருந்த இறைச்சி மட்டும் கரைந்து போயிருந்தது. அழுகிய வாடையும் இல்லை. ஆக, அரைப்பதால் அல்ல, ஏதோ ஒரு சாறுதான் இதைச் செய்கிறது என்று தெரிந்தது.

மனிதனின் இரைப்பையைக் கண்ணால் பார்க்கும் வாய்ப்பு ஒரு விபத்தால் வந்தது. 1822இல் வட அமெரிக்காவின் மாக்கினாக் தீவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளைஞரின் வயிற்றில் துப்பாக்கி தவறுதலாகச் சுட்டுவிட்டது. பிழைக்க மாட்டார் என்று நினைத்தார்கள், பிழைத்துவிட்டார். ஆனால் காயம் மூடவில்லை. வெளியிலிருந்து இரைப்பைக்குள் போகும் ஒரு துளை அப்படியே தங்கிவிட்டது. சிகிச்சை செய்த இராணுவ மருத்துவர் வில்லியம் பியூமான்ட், உணவுத் துண்டுகளைப் பட்டு நூலில் கட்டி அந்தத் துளை வழியாக உள்ளே இறக்கி, மணிக்கொரு முறை வெளியே இழுத்துப் பார்த்தார். சாறை எடுத்துக் குப்பியில் ஊற்றி, உடம்பின் சூட்டிலேயே வைத்து, அதற்குள் இறைச்சி கரைவதையும் பார்த்தார். அந்த மனிதர் கோபமாக இருக்கும் நேரத்தில் செரிமானம் மந்தமாவதையும் குறித்து வைத்தார். மருத்துவம் பியூமான்ட்டுக்குக் கடன்பட்டிருக்கிறது என்று எல்லாரும் சொல்வார்கள். என் மனம் செயின்ட் மார்ட்டினிடம்தான் போகிறது. ஆண்டுக்கணக்கில் தன் வயிற்றைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தவர் அவர்.

அந்தச் சாறில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். கூடவே பெப்சின் என்ற நொதி. பெப்சின் புரத மாலைகளை வெட்டும், அதற்கு அமிலம் வேண்டும். அப்படியானால் புரதத்தால் ஆன இரைப்பையே ஏன் கரையவில்லை? இதை யாரும் கேட்காமல் விடுவதில்லை. மூன்று காப்புகள் இருக்கின்றன. பெப்சினை உடம்பு வெட்டும் வடிவத்தில் தயாரிப்பதே இல்லை; உறையில் போட்ட கத்திபோல் அனுப்புகிறது, அமிலம் பட்ட பிறகுதான் உறை கழலும். இரைப்பையின் உட்சுவர்மேல் காரத்தன்மையுள்ள சளிப்படலம் பூசியிருக்கிறது. அதையும் மீறிச் சேதமானால், உட்சுவரின் மேல்தோல் செல்கள் சில நாட்களுக்கு ஒருமுறை புதிதாக மாறிக்கொண்டே இருக்கின்றன. இந்தக் காப்பு கெடும் இடத்தில் புண் வரும்.

ஆனால் செரிமானம் என்றதும் எல்லாரும் இரைப்பையைக் கைகாட்டுவது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். முக்கியமான வேலை அங்கே நடக்கவில்லை. நோய் காரணமாக இரைப்பை முழுவதையும் அகற்றியவர்கள், வைட்டமின் பி12 ஊசி போட்டுக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை சாப்பிட்டு வாழ்கிறார்கள். சிறுகுடல் முழுவதையும் அகற்றினால் இரத்தக் குழாய் வழியாக ஊட்டம் ஏற்றாமல் வாழ முடியாது. விலங்குகளிலும் இதைப் பார்க்கலாம். கெண்டை மீன்களுக்கு இரைப்பையே கிடையாது. பிளாட்டிபஸ் என்ற முட்டையிடும் பாலூட்டிக்கும் அமிலம் சுரக்கும் இரைப்பை இல்லை. உணவுக்குழாய் நேராகக் குடலில் போய்ச் சேர்கிறது.

சிறுகுடலின் தொடக்கத்தில் இரண்டு சாறுகள் வந்து சேர்கின்றன. கணையச் சாறு அமிலத்தைத் தணித்து, மாவுச்சத்து, புரதம், கொழுப்பு மூன்றையும் வெட்டும் நொதிகளைக் கொட்டுகிறது. கல்லீரலிலிருந்து வரும் பித்தநீரில் நொதி ஏதும் இல்லை, அதன் வேலை வேறு. எண்ணெய்ப் பிசுக்குள்ள பாத்திரத்தில் வெறும் தண்ணீரை ஊற்றினால் எண்ணெய் திட்டுத்திட்டாக மிதக்கும், சோப்பு போட்டால் பொடிப்பொடியாக உடைந்து கலந்துவிடும். பித்தநீர் கொழுப்புக்குச் செய்வது அந்த வேலையைத்தான். வேலை முடிந்ததும் பித்த உப்புகளில் பெரும்பகுதியைக் குடலின் கடைசிப் பகுதி உறிஞ்சிக் கல்லீரலுக்கே திருப்பி அனுப்பிவிடுகிறது.

உதிர்ந்த மணிகளை உறிஞ்சும் இடமும் இதுவே. சிறுகுடலின் உட்சுவரில் விரல்விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகள் இருக்கின்றன. ஒவ்வொரு உறிஞ்சியின் செல்களிலும் அதைவிட நுண்ணிய இழைகள். எல்லாவற்றையும் விரித்துப் போட்டால் ஏறத்தாழ 30 சதுர மீட்டர் பரப்பு வரும். குடலுக்குள் நாளொன்றுக்கு 8, 9 லிட்டர் நீர் வந்து சேர்கிறது. நாம் குடிப்பது அதில் ஒரு சிறு பங்கு, மற்றது எச்சிலும் சாறுகளும். அதில் மலத்தோடு வெளியேறுவது 100, 200 மில்லிதான். காலராவில் இந்தக் கணக்குத் தலைகீழாகும்போதுதான் உயிர் போகிறது. அந்த நேரத்திலும் குடலில் ஒரு வாசல் திறந்தே இருக்கிறது: குளுக்கோசும் உப்பும் சேர்ந்து வந்தால் இரண்டையும் ஒன்றாக உள்ளே இழுத்துக்கொள்ளும் வாசல். அவற்றின் பின்னாலேயே தண்ணீரும் போகும். சர்க்கரையும் உப்பும் கலந்த நீர் கோடிக்கணக்கான குழந்தைகளைக் காப்பாற்றியது இந்த ஒரு வாசலால்தான். அதனால்தான் சர்க்கரையை விட்டு உப்பை மட்டும் கொடுத்தால் பலன் இருப்பதில்லை.

சரி, இப்போது புல்லுக்கு வருவோம்.

புல்லின் உடம்பு பெரும்பாலும் செல்லுலோஸ். அதுவும் குளுக்கோஸ் மணி மாலைதான், மாவுச்சத்தில் உள்ள அதே குளுக்கோஸ். ஆனால் மணிக்கும் மணிக்கும் இடையே உள்ள முடிச்சு வேறு மாதிரி திரும்பியிருக்கிறது. அதனால் மாலைகள் நேராக நீண்டு, பக்கத்து மாலைகளோடு ஒட்டி, கயிறுபோல் இறுகிவிடுகின்றன. நம் அமைலேசுக்கு இந்த முடிச்சை அவிழ்க்கத் தெரியாது. பாலூட்டிகளில் எதற்குமே தெரியாது. தெரிந்தவை பெரும்பாலும் சில பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் வேறு சில நுண்ணுயிர்களும்தான். மாடு அவற்றுக்கு வீடு கட்டிக் கொடுத்திருக்கிறது.

மாட்டின் வயிற்றில் நான்கு அறைகள். முதல் அறையான ரூமன் நன்கு வளர்ந்த மாட்டில் 100 லிட்டருக்கு மேல் பிடிக்கும். அங்கே அமிலமும் சுரக்காது, நொதியும் சுரக்காது. வெதுவெதுப்பான, காற்றில்லாத, எப்போதும் கிளறிக்கொண்டே இருக்கும் ஒரு புளிக்கவைக்கும் தொட்டி அது. மாட்டின் இடது பக்கம், கடைசி விலா எலும்புக்குப் பின்னால் ஒரு பள்ளம் இருக்கும். அங்கே ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் காத்திருந்தால், நிமிடத்துக்கு ஒன்றிரண்டு முறை, தூரத்தில் இடி உருளுவதுபோல் ஒரு சத்தம் எழுந்து அடங்கும். தொட்டி தன்னைத்தானே கிளறும் சத்தம். அந்தச் சத்தம் நின்றுவிட்டால் எங்களுக்குக் கவலை.

மாணவனாக இருந்தபோது, ரூமனிலிருந்து எடுத்த சூடு ஆறாத சாறில் ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். பச்சை கலந்த பழுப்பு நிறம், புளித்த வாடை. லென்சைச் சரிசெய்ததும் கண்ணுக்குள் ஒரு சந்தையே தெரிந்தது. முட்டை வடிவத்தில், உடம்பைச் சுற்றி மயிரிழைகளை அசைத்துக்கொண்டு, பெரியதும் சிறியதுமாக ஒற்றைச்செல் உயிர்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓடின. சிலவற்றின் வயிற்றுக்குள் அவை விழுங்கிய புல் இழை தெரிந்தது. ஒரு மில்லி சாறில் இவை லட்சக்கணக்கில் இருக்கும், பாக்டீரியாக்கள் ஆயிரம் கோடிக்கு மேல். தகடு ஆற ஆற அவற்றின் ஓட்டம் தளர்ந்தது. இன்றைக்கும் மாட்டைப் பார்த்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தச் சொட்டுதான்.

இந்த உயிர்கள் செல்லுலோசை உடைத்து, குளுக்கோசைத் தாங்களே தின்றுவிடுகின்றன. அவை கழிவாக வெளியேற்றுவது வினிகரில் இருக்கும் அசெட்டிக் அமிலம், கூடவே புரொப்பியானிக், பியூட்டிரிக் அமிலங்கள். மாடு உறிஞ்சிக்கொள்வது இவற்றைத்தான். அதற்குக் கிடைக்கும் ஆற்றலில் ஏறத்தாழ 70 விழுக்காடு இப்படி வருகிறது. பாலில் உள்ள சர்க்கரைக்கு வேண்டிய குளுக்கோசைக்கூடக் கல்லீரல் பெரும்பாலும் புரொப்பியானிக் அமிலத்திலிருந்துதான் செய்துகொள்கிறது.

மாடு படுத்துக்கொண்டு அசை போடும்போது அதன் கழுத்தைக் கவனியுங்கள். ஒரு உருண்டை கழுத்தின் அடிவழியாக மேலே ஏறுவது தோலுக்கு வெளியே தெரியும். ஐம்பது முறை போல மென்றபின் உருண்டை கீழே இறங்கும். சில விநாடி அமைதி. அப்புறம் அடுத்த உருண்டை. நாளில் 7, 8 மணி நேரம் இப்படிப் போகும். புல்லைப் பொடியாக்குவது மட்டும் இதன் பயன் இல்லை. மென்றுகொண்டிருக்கும்போது எச்சில் ஊறுகிறது, நாளொன்றுக்கு 100 லிட்டருக்கும் மேல். அதில் உள்ள சோடா உப்புதான் தொட்டி அளவுக்கு மீறிப் புளித்துவிடாமல் காக்கிறது. தானியத்தைக் கண்டதும் மாடு அவிழ்த்துக்கொண்டு போய் மூட்டைக்குள் தலையை விட்டுவிட்டால், அது ஆபத்தான நோயாகிவிடுவது இதனால்தான். மாவுச்சத்து வேகமாகப் புளிக்கும். எச்சிலால் ஈடுகொடுக்க முடியாது. லாக்டிக் அமிலம் பெருகி, உள்ளே இருக்கும் நல்ல உயிர்கள் செத்து, மாடும் சாகலாம். அப்படிக் கெட்டுப்போன தொட்டிக்கு நாங்கள் செய்யும் வைத்தியங்களில் ஒன்று, நல்ல மாட்டின் ரூமன் சாறில் சில லிட்டரை எடுத்து நோயுற்ற மாட்டுக்குக் கொடுப்பது. வேலைக்காரர்களை மறுபடி குடியேற்றுகிறோம்.

மாட்டின் பெரும் கெட்டிக்காரத்தனம் இனிமேல்தான். ரூமனில் பெருகிய நுண்ணுயிர்கள் புல்லோடு சேர்ந்து நான்காம் அறைக்கு அடித்துச் செல்லப்படுகின்றன. நம் இரைப்பையைப் போல அமிலமும் பெப்சினும் உள்ள அறை இது ஒன்றுதான். அங்கே மாடு தன் வேலைக்காரர்களையே செரித்துவிடுகிறது. மாட்டுக்குக் கிடைக்கும் புரதத்தில் பெரும்பகுதி இந்த நுண்ணுயிர்களின் உடம்புதான். புல்லைத் தின்னும் விலங்கு என்று நாம் சொன்னாலும், உள்ளே போய்ப் பார்த்தால் அது பாக்டீரியாவை மேய்த்துத் தின்னும் விலங்கு. நம் கண்ணீரில் கிருமிகளை உடைக்கும் லைசோசைம் என்றொரு நொதி இருக்கிறது. மாட்டில் அதுவே அமிலத்தைத் தாங்கும்படி மாறி, வயிற்றில் பாக்டீரியாவை உடைக்கும் செரிமான நொதியாகிவிட்டது. இலைகளைப் புளிக்கவைத்துச் செரிக்கும் லங்கூர் குரங்குகளிலும், மாட்டோடு எந்த நெருங்கிய உறவும் இல்லாமல், அதே நொதி அதே வேலைக்குத் தனியாக மாறியிருக்கிறது.

குதிரை தொட்டியை வேறு இடத்தில் வைத்திருக்கிறது. அதன் இரைப்பை சிறியது. புளிக்கவைப்பது சிறுகுடலுக்குப் பின்னால், பெருங்குடலின் தொடக்கத்தில் உள்ள பெரிய பையிலும் பெருங்குடலிலும். அமிலங்களை அங்கேயே உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் நுண்ணுயிர்களின் புரதம் சிறுகுடலைத் தாண்டிய பின் உருவாவதால் பெரும்பாலும் சாணத்தோடு போய்விடும். அதனால் குதிரை வேகமாக, நிறைய தின்று ஈடுகட்டுகிறது. யானையும் இந்த வகைதான். தின்பதில் பாதிக்கும் மேல் செரிக்காமல் வெளியேறும், சாணத்தைப் பிரித்தால் நார் நாராகத் தெரியும்.

முயலுக்கும் தொட்டி பின்னால்தான், ஆனால் அது புரதத்தை விட மனமில்லாத பிராணி. நாம் பார்க்கும் உலர்ந்த புழுக்கைகள் தவிர, மென்மையான, சளி பூசிய இன்னொரு வகைப் புழுக்கையையும் போடுகிறது. அதை யாரும் தரையில் பார்ப்பதில்லை, ஏனென்றால் முயல் குனிந்து நேராக வாயில் வாங்கி விழுங்கிவிடும். நுண்ணுயிர்களும் அவை செய்த வைட்டமின்களும் இரண்டாம் சுற்றில் சிறுகுடலைக் கடக்கின்றன. அருவருப்பு என்று நினைத்து இதைத் தடுத்தால் முயல் நலிந்துவிடும்.

நமக்கும் பின்புறம் ஒரு சின்னத் தொட்டி உண்டு. நம் பெருங்குடலில் பாக்டீரியாக்கள் நாம் செரிக்காத நார்ச்சத்தைப் புளிக்கவைத்து அதே அமிலங்களைத் தருகின்றன. பெருங்குடலின் செல்களுக்கு பியூட்டிரிக் அமிலம்தான் முக்கிய உணவு. வாயு பிரிவதும் அந்த வேலையின் அறிகுறிதான். ஆனால் தொட்டி சிறியது, பொருள் அங்கே தங்கும் நேரமும் மாட்டோடு ஒப்பிட்டால் கொஞ்சம். புல்லை நம்பி வாழ அது போதாது.

இறைச்சி தின்னும் விலங்குகளுக்குத் தொட்டியே வேண்டியதில்லை. புரதமும் கொழுப்பும் எளிதில் உதிரும்; குடல் குட்டையாக இருந்தாலும் போதும். தவளையில் நீளக் குடல், குட்டைக் குடல் இரண்டையும் ஒரே உயிரில் பார்க்கலாம். பாசி தின்னும் தலைப்பிரட்டைக்கு நீளமான குடல் சுருள் சுருளாக இருக்கும், வயிற்றுத் தோல் வழியாகவே தெரியும். பூச்சி தின்னும் தவளையாக மாறும் அந்தச் சில நாட்களில் குடல் வெகுவாகச் சுருங்கிக் குட்டையாகிவிடும்.

மலைப்பாம்பு இன்னொரு எல்லை. மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருக்கும்போது அதன் செரிமான மண்டலம் கிட்டத்தட்ட மூடிக்கிடக்கும், இரைப்பையில் அமிலம்கூடச் சுரக்காது. ஒரு பெரிய இரையை விழுங்கியதும் அமிலம் பொங்கும், இரண்டொரு நாளில் சிறுகுடலின் எடை இரட்டிப்பாகும், பர்மிய மலைப்பாம்பில் இதயமே 40 விழுக்காடு வரை பெருக்கும். செரித்து முடித்ததும் எல்லாம் பழையபடி சுருங்கும். பல் இல்லாத பறவைகளில் பல, தீனிப்பையில் ஊறவைத்து, அரைவைப்பையில் தாங்கள் விழுங்கிய சிறு கற்களைக் கொண்டு அரைக்கின்றன. சிலந்தி குழாய்க்குள் கொண்டுபோகவே இல்லை. நொதியை இரையின்மேல் கக்கி, அங்கேயே கரைத்து, சாறை உறிஞ்சுகிறது. நட்சத்திர மீன்களில் பல, தங்கள் இரைப்பையையே வாய் வழியாக வெளியே தள்ளிச் சிப்பிக்குள் நுழைத்துச் செரிக்கும். குழாயின் உட்புறம் வெளிப்புறம்தான் என்று முதலில் சொன்னேனே, இவை அதைக் கண்முன்னே செய்து காட்டுகின்றன.

உங்கள் கேள்விக்கு ஒட்டிய ஒன்று பாக்கி இருக்கிறது. பிறந்த கன்றாலும் புல்லைத் தின்று வாழ முடியாது. அதன் ரூமன் சின்னஞ்சிறியது, உள்ளே நுண்ணுயிர்க் கூட்டம் இன்னும் சேரவில்லை. மடியில் வாய் வைத்துச் சப்பத் தொடங்கியதும், உணவுக்குழாயின் முடிவில் உள்ள ஒரு வரிப்பள்ளம் உதடுபோல் மூடிக் குழாயாகிவிடும். பால் ரூமனைத் தொடாமல் நேராக நான்காம் அறைக்குப் போகும். தவறி ரூமனுக்குள் விழுந்தால் புளித்து நோயாகும். அந்த நாட்களில் கன்று நம்மைப் போல ஒற்றை வயிற்றுப் பிராணிதான். தாய் அதை நக்குகிறது, கன்றும் தாயின் வாயை, மடியை, தரையில் கிடக்கும் புல்லை முகர்ந்து நக்குகிறது. அந்த எச்சிலோடும் மண்ணோடும் நுண்ணுயிர்கள் குடியேறுகின்றன. இரண்டு மூன்று வாரத்தில் ஒரு புல் தாளை எடுத்து மெல்லும். அதைப் புளிக்கவைத்து வரும் அமிலங்கள் பட்டுத்தான் ரூமனின் சுவரே வளரத் தொடங்குகிறது. கொஞ்ச நாளில் ஒரு மதியம், படுத்திருக்கும் கன்றின் கழுத்தில் முதல் உருண்டை மேலே ஏறும்.